சிப்பியில் புற்றுநோய் மருந்தா?
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பராமரிப்புக் கட்டணம், போர் தண்ணீர் என்று பேசி முடித்த கையோடு சிப்பியைப் பற்றிப் பேசச் சொல்கிறார் செயலாளர். கடல் இல்லாத திண்டுக்கல்லில் எதற்கு என்று கேட்கலாம். நம் வாட்ஸ்அப் குழுவில் சுற்றிய 'சிப்பியில் புற்றுநோய் மருந்து' செய்திதான் காரணம்.

அந்தச் செய்தியின் வேர் உண்மையானது. கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், பல ஆண்டுகள் நம் மண்டபத்தில் இயங்கிய அதே நிலையம், 2023-இல் பச்சைச் சிப்பியின் மரபணுத் தொகுப்பைக் குரோமோசோம் வாரியாக வெளியிட்டது. இது முத்துச்சிப்பி அல்ல. பாறையில் கொத்தாக ஒட்டி வளர்வது. கேரளாவில் கல்லுமக்காய் என்பார்கள்.

அதன் டி.என்.ஏ.வில் சுமார் 72 கோடி எழுத்துகள். எந்த இயந்திரமும் அதை ஒரே மூச்சில் படிக்காது, துண்டு துண்டாகத்தான் படிக்கும். எந்தத் துண்டு எந்தக் குரோமோசோமைச் சேர்ந்தது என்று எப்படித் தெரியும்? உயிரணுவுக்குள் அருகருகே கிடக்கும் பகுதிகளை ரசாயனத்தால் பிணைத்துவிட்டு, அதன்பிறகு படிக்கிறார்கள். அடிக்கடி சேர்ந்து வருபவை ஒரே குரோமோசோமில் இருந்தவை. யார் யார் ஒரே லிஃப்டில் அடிக்கடி சந்திக்கிறார்கள் என்று பார்த்தே, அவர்கள் எந்த பிளாக் என்று நம் வாட்ச்மேன் சொல்லிவிடுவார் அல்லவா, அப்படித்தான். இந்தச் சிப்பிக்கு 15 பிளாக். அவற்றில் 49,654 மரபணுக்கள்.

அவற்றுள் 634 மரபணுக்கள் புற்றுநோய் தொடர்பானவை என்றார்கள். ஃபார்வர்டில் இந்த வரிதான் மருந்தாகிவிட்டது. உயிரணு எப்போது பிரிய வேண்டும், கெட்டுப்போனால் எப்போது சாக வேண்டும் என்று கட்டுப்படுத்தும் மரபணுக்கள் நமக்கும் உண்டு, சிப்பிக்கும் உண்டு. அதனால் புற்றுநோயை ஆராய இந்தச் சிப்பி உதவலாம். அவ்வளவுதான். சிப்பிக்கே புற்றுநோய் வரும். மைட்டிலஸ் என்ற இன்னொரு வகையில் அது ஒரு சிப்பியிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றவே செய்கிறது! இதே நிலையம் பச்சைச் சிப்பிச் சாற்றிலிருந்து மூட்டுவலிக்கு ஒரு மாத்திரை உருவாக்கியது வேறு வேலை. இரண்டையும் குழப்பி, நடக்கிற சிகிச்சையை யாரும் நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை வாங்குவதாக இருந்தாலும் டாக்டரைக் கேட்டு வாங்குங்கள்; சிப்பி, இறால் ஒவ்வாதவர்களும் நம்மிடையே உண்டு.

எனக்கு இந்த வரைபடத்தில் பெரிதாகப் படுவது வேறொன்று. சிப்பி நாள் முழுக்கக் கடல்நீரை வடிகட்டித்தான் சாப்பிடுகிறது. நீரில் ஈயம், காட்மியம் இருந்தால் உடம்பில் சேர்ந்துவிடும். அதனால்தான் 1970-களிலிருந்தே பல நாடுகளில் கடல் மாசை அளக்கச் சிப்பியைப் பிடித்துச் சோதிக்கிறார்கள். விஷம் ஏறும்போது எந்த மரபணு விழித்துக்கொள்கிறது என்று தேட, இனி முகவரிப் பட்டியல் கையில் இருக்கிறது. தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீர் கெட்ட ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் போரில் கடல் சிப்பியை விட்டுப் பார்க்க முடியாது, ஆய்வகச் சோதனைதான் வழி. இந்த முறை தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பும்போது உப்பு, கடினத்தன்மையோடு குரோமியத்தையும் பார்க்கச் சொல்லும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.