புரதத்தை முடக்கும் மருந்து
(வ. புதுப்பட்டியில் ஆற்றிய உரை)



குருதிப் புற்றைப் பற்றித் தூய தமிழிற் பேச இயலுமா என்று நண்பரொருவர் வினவினார். பேசியே காட்டுகின்றேன்.

நம் உயிரணுக்களுள் ஒவ்வொரு வேலைக்கும் ஒவ்வொரு புரதம் உண்டு. ‘பெருகு’ என ஏவும் புரதம் வேண்டும்போது ஏவும், வேண்டாதபோது அடங்கும். நாட்பட்ட ஒருவகை வெள்ளணுப் புற்றிலோ, 9ஆம் நிறப்புரியின் துண்டும் 22ஆம் நிறப்புரியின் துண்டும் இடம்மாறி ஒட்டிக்கொள்கின்றன. அவ் வொட்டிற் பிறக்கும் புரதத்திற்கு அடக்கமே இல்லை. அடைக்க ஆளில்லாக் கண்மாய் மடைபோல ஏவல் ஓயாது பாய, வெள்ளணுக்கள் கட்டின்றிப் பெருகும். இவ் விடமாற்றத்தை 1973இல் தெளிவுறுத்தியவர் சேனட் இரௌலி என்னும் அமெரிக்க அம்மையார்.

அப் புரதத்தில் ஒரு குழிவு உண்டு. ஆற்றல் தரும் ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு அங்கு வந்தமர்ந்தாற்றான் வேலை நடக்கும். அக் குழிவிற் பொருந்தி இடத்தை அடைத்துக்கொள்ளும் சிறு மூலக்கூறொன்றை வேதியலார் இழைத்திழைத்துச் செய்தனர். அதுவே 2001இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்த இமாத்தினிபு. இத்தகையதைத் ‘தடுப்பி’ என்பர். யான் ‘முடக்கி’ என்பேன். அது புரதத்தை அழிப்பதில்லை, இயங்கா வடிவிலேயே கிடத்திவிடுகின்றது. புரதமும் வாளா இராது. 315ஆம் இடத்தில் ஓர் உறுப்பு மாறினும் மருந்து பொருந்தாது. அதற்கு 2012இல் வேறொரு முடக்கி வந்தது.

இனிச் சென்னைக்கு வருவோம். நோவார்ட்டிசு என்னும் சுவிச்சர்லாந்து நிறுவனம், இம் மருந்தின் ஒரு படிக வடிவிற்குக் காப்புரிமை கேட்டு 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்திற்கு எழுதியது. அவர்தம் மருந்து அந்நாளில் திங்களுக்கு ஏறத்தாழ 1,20,000 உருபாவாக இருந்தது. இந்திய நிறுவனங்கள் செய்ததோ ஏறத்தாழ 8,000 முதல் 10,000. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் உண்ணவேண்டிய மருந்து, ஐயா! களையெடுக்கப் போகும் குடும்பத்திற்கு எண்ணாயிரமே மலையாக இருந்தது.

அறிந்த பொருளின் புதுவடிவம், நோய்நீக்கும் ஆற்றலில் மிக்கிருந்தாலன்றிக் காப்புரிமை இல்லையென்பது 2005இல் திருத்திய சட்டம். அதன்படி 2006இல் அலுவலகம் மறுத்தது. சட்டத்தையே எதிர்த்த வழக்கைச் சென்னை உயர்நயன்மன்றம் 2007இல் தள்ளியது. தம் வடிவம் உடலில் 30 விழுக்காடு மிகுதியாகச் சேர்கின்றது என்றனர் நிறுவனத்தார். சேர்வது வேறு, நோய் நீங்குவது வேறு. மிகுதியாக நீங்குகின்றதெனக் காட்டவில்லையே என்று 2013 ஏப்பிரல் 1இல் உச்சநயன்மன்றமும் மறுத்தது. ஆராய்ச்சிக்குப் பெரும்பொருள் வேண்டுமென்னும் அவர் கூற்று பொய்யன்று. ஆயினும், கண்டறிந்த பொருளுக்கே மறுபடியும் உரிமை கேட்டதுதான் வழக்கு. தீர்ப்பிற்குப் பின்னும் இந்திய நிறுவனங்கள் அம் மாத்திரையைச் செய்துவந்தன.