நழுவும் குழல்

திருகோணமலை என்றதும் அதன் ஆழ்ந்த துறைமுகமும் கோணேசர் கோயில் கொண்ட மலையும் நினைவுக்கு வரும். வானியல் வரலாற்றிலும் அந்நகருக்கு இடமுண்டு என்பதைப் பலர் அறியார். 1871 டிசெம்பர் 12ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தை ஆராய வந்த பிரித்தானியக் குழுவைச் சேர்ந்த ஹென்றி நொட்டிட்ஜ் மோஸ்லி, திருகோணமலையிலிருந்தே சூரியனின் நிறமாலையை ஆராய்ந்தார். 148 ஆண்டுகளுக்குப் பின், 2019 டிசெம்பர் 26இல், ஒரு கங்கண கிரகணம் இலங்கையின் வடக்கையும் கிழக்கையும் கடந்து சென்றது. ஒளிவளையம் எவ்விடத்திலும் நான்கு நிமிடம் நிலைக்கவில்லை.

இத்தகைய குறுகிய பொழுதில் தொலைநோக்கியில் கமராவைப் பொருத்திப் படமெடுப்போரை ஏமாற்றக்கூடியது மேகம் மட்டுமன்று, குவியம் நழுவுதலுமாகும். கமராவைத் தாங்கும் உட்குழல் அதன் பாரத்தால் மெல்லக் கீழிறங்கும். தொலைநோக்கி அடிவானத்தை நோக்கும்போது பாரம் குழலை வெளியே இழுப்பதில்லை. 30 பாகை உயர்த்தினால் பாரத்தின் பாதி இழுக்கும். உச்சிவானை நோக்கினால் முழுப் பாரமும் இழுக்கும். குவியத் தூரம் வில்லையின் விட்டத்தைப்போல் ஆறு மடங்காயுள்ள கருவியில், ஒரு மில்லிமீற்றரின் நூற்றில் நான்கு பங்கு விலகினாலே படத்தின் கூர்மை குறையத் தொடங்கும்.

குழலை நகர்த்தும் அமைப்பு இருவகைப்படும். ஒன்றில் பற்சக்கரம் பற்சட்டத்தைப் பற்றி நகர்த்தும். மற்றையது இங்கிலாந்தில் ஜான் வால் என்பார் வகுத்த கிறேஃபோர்ட் முறை. அதில் பற்கள் இல்லை. ஓர் உருக்குத் தண்டு குழலின் தட்டையான பரப்பை அழுத்தி, உராய்வினாலேயே அதனை நகர்த்தும்.

இங்கேதான் துறைமுக மக்களின் நல்வழக்கம் ஒன்று தீங்காக மாறுகிறது. உப்புக்காற்று இரும்பை அரிக்கும் ஊரில், எந்த இயந்திரத்துக்கும் எண்ணெய் பூசுவது இயல்பு. பற்சக்கரத்துக்குச் சிறிதளவு கிறீஸ் நன்று. உராய்வினால் இயங்கும் குழலின் பரப்பிலோ ஒரு துளி எண்ணெயும், விரற்பசையுங்கூட, பிடிப்பைக் கெடுக்கும். ஆதலின் முதல் வேலை, தூய துணியில் சிறிது ஸ்பிரிட் தொட்டு அப்பரப்பையும் தண்டையும் துடைப்பதாகும்.

அடுத்து, குழலின் அடியிலுள்ள அழுத்தத் திருகாணியைச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். அளவுக்கு மீறினால் பரப்பில் தடம் விழும். குவியத்தைத் தேடும்போது கடைசி அசைவு கமராவை மேலே தூக்குவதாக அமையட்டும். அப்போது பொறியின் தளர்வு முன்னரே நீங்கிவிடும். பின்னர்ப் பூட்டுத் திருகாணியை முடுக்குக. முடுக்கும்போதே குவியம் சற்று விலகக்கூடும். ஆகவே படத்தை மறுபடியும் பார்த்தல் அவசியம்.

இவற்றைக் கிரகண நாளுக்கு ஒத்திவைத்தல் தகாது. முதல்நாள் இரவே கமராவைப் பொருத்தி, கருவியை உயர நோக்கச் செய்து, உட்குழலில் பென்சிலால் ஒரு கோடிட்டுப் பத்து நிமிடம் காத்திருக்கலாம். கோடு நகர்ந்தால் குறை நீங்கவில்லை. துடைத்தும் இறுக்கியும் நகருமாயின், அந்தப் பாரத்துக்கு அக்குழல் ஏற்றதன்று; இலேசான கமராவோ வலிய குழலோ வேண்டும். சூரியனை நோக்குங்கால் தொலைநோக்கியின் முன்வாயில் தகுந்த சூரிய வடிகட்டி இருத்தல் இன்றியமையாதது.

2031 மே 21ஆம் நாள் மற்றொரு கங்கண கிரகணம் தென்னிந்தியாவையும் இலங்கையையும் கடக்கவிருக்கிறது. சூரியனும் சந்திரனும் குறித்த நொடியில் வந்து சேரும்; அவற்றைத் தாமதிக்கச் செய்ய எவராலும் இயலாது. மனிதன் செய்யக்கூடியது, ஒரு சிறு குழலை அதன் இடத்தில் நிறுத்தி வைப்பதே.