டெல்டா என்னும் பெயரும் ஏட்டுப் பிழையும்



புசல்லாவையில் டெல்டா என்றொரு தேயிலைத் தோட்டம் உண்டு. கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வீதியிற் போய் வருவோருக்கு இப்பெயர் புதிதன்று. 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், செய்தி தொடங்கினால் ‘டெல்டா, டெல்டா’ என்றே வானொலி ஒலித்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்ட எங்கள் லயத்துப் பாட்டி ஒருவர் என்னை அழைத்து, “ஏன் தம்பி, நம்ம டெல்டாவுலயா இந்தக் காய்ச்சல் பொறந்துச்சு?” என்று வினவினார். நான் சிரித்துவிட்டேன். சிரித்தது தவறென்று பின்னரே உணர்ந்தேன்.

அவருடைய பேத்தி கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்பவள். 2020 நவம்பரில் தீபாவளிக்கு வீடு வந்தாள். அடுத்த காம்பராவில் இருந்தோர் ஒரு கிழமை கதவைத் திறக்கவில்லை. பீலிக்குத் தண்ணீர் எடுக்க அவள் போனால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். அவளுக்கோ நோயே இருக்கவில்லை. ஓர் ஊரின் பெயரோடு நோய் ஒட்டிக்கொண்டால் என்ன நேரும் என்பதைக் கண்ணாற் கண்ட கிழவி கேட்ட கேள்வி அது. அதற்கு நான் அன்று கூறிய விடையையே இன்று சற்று விரித்துச் சொல்ல விழைகின்றேன்.

பெயரை முதலில் முடித்துவிடுவோம். டெல்டா என்பது கிரேக்க நெடுங்கணக்கின் நான்காம் எழுத்து. பி.1.617.2 என அறிவியலாளர் குறித்த திரிபு, 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்தியாவில் முதன்முதல் அறியப்பட்டது. உலகத்தார் இதனை ‘இந்தியக் கிருமி’ என்றும், வேறொன்றை ‘பிரித்தானியக் கிருமி’ என்றும் வழங்கத் தொடங்கினர். இப்பழக்கத்தை நிறுத்துவதற்காகவே உலகச் சுகாதார நிறுவனம் 2021 மே 31ஆம் நாள் கிரேக்க எழுத்துக்களைப் பெயராக்கியது. எந்த ஊரையும் நோகச் செய்யலாகாது என்று இட்ட பெயர், எங்கள் ஊர்த் தோட்டத்தின் தலையில் வந்து விழுந்தது. பிற்காலத்தில் ‘சை’ என்னும் எழுத்து வந்தபோது, அது பலருடைய குடும்பப் பெயராயிற்றே என்று அந்நிறுவனம் அதனைத் தாண்டிச் சென்றது. புசல்லாவையை நினைப்பார் அங்கு இல்லை போலும்!

நிற்க. திரிபு என்பது யாது? அது எவ்வாறு தோன்றுகின்றது?

நம் முன்னோர் நூல்களை ஏட்டிலே பெயர்த்தெழுதினர். எழுதுவோன் எத்துணைக் கவனமுடையவனாயினும் ஓரிடத்தில் எழுத்து மாறும். ஓரிடத்தில் சொல் விடுபடும். அந்த ஏட்டைப் பார்த்து அடுத்தவன் எழுதும்போது பழைய பிழையும் வரும், புதிய பிழையும் சேரும். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தபோது இத்தகைய ஏடுகளோடுதான் மல்லாடினார். இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே பிழை காணப்படின், அவை ஒரு மூல ஏட்டின் வழிவந்தவை என்று கொள்வது ஏடு பார்ப்போர் கண்ட நெறி. கொரோனா வைரசின் குலமரபை அறிவதும் ஏறக்குறைய இந்நெறியினாலேதான்.

அவ்வைரசின் ஏடு ஆர்.என்.ஏ. என்னும் கருவமிலம். அதில் நான்கே வகை எழுத்துக்கள் மாறிமாறி ஏறத்தாழ முப்பதினாயிரம் இடங்களில் வருகின்றன. 2020 ஜனவரியில் சீன அறிஞர் வெளியிட்ட மூலபாடத்தின் நீளம் 29,903 எழுத்து. மனித உயிரணுவுக்குள் புகுந்ததும் வைரசு இதனைப் படியெடுக்கத் தொடங்குகின்றது. இதனிடம் பிழை திருத்தும் நொதியம் ஒன்று உண்டு. இன்புளுவென்சா வைரசுக்கு அது இல்லை. ஆதலால் கொரோனா வைரசு ஓரளவு நிதானமாகவே மாறுகின்றது. தொற்று ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தாவிச் செல்லும் ஒரு கிளையில், மாதத்துக்குச் சுமார் இரண்டு எழுத்துப் பிழைகள் நிலைபெறும். இவற்றையே விகாரம் என்கிறோம். பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை; சில வைரசையே கெடுத்துவிடும். மிகச் சில மட்டும் அதற்கு நன்மையாய் அமையும்.

2020இன் தொடக்கத்தில் 23,403ஆம் எழுத்து மாறியது. அதனால் வைரசின் முள்ளுப் புரதத்தில் 614ஆம் இடத்து அமினோ அமிலம் வேறாயிற்று. ஓரெழுத்து! அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் உலகெங்கும் இந்தப் பாடமே மேலோங்கிவிட்டது.

“அப்படியானால் வைரசு தந்திரம் பண்ணுகிறது” என்றார் பாட்டி. படித்தவர்களும் இவ்வாறு கூறக் கேட்டிருக்கிறேன். அவரைத் தேயிலை மலைக்கே அழைத்துச் சென்றேன், பேச்சினால். தவறணையில் கிளை வெட்டி வளர்த்த வீ.பி. தேயிலை ஒரு தாய்ச்செடியின் அச்சு. பழைய விதைத் தேயிலையோ செடிக்குச் செடி வேறு. கடும் வரட்சி வந்தால் விதைத் தேயிலை மலையிற் சில செடிகள் வாடும், சில நிற்கும். நின்ற செடி வரட்சியைக் கண்டு தன்னை மாற்றிக்கொண்டதோ? இல்லை, அதன் அமைப்பு முன்னமே அப்படி. வரட்சி தெரிவு செய்தது, அவ்வளவே. வைரசிலும் பிழைகள் குருட்டுத்தனமாக விழுகின்றன. எது விரைந்து தொற்றுமோ, எது நம் உடலின் எதிர்ப்புக்குத் தப்புமோ, அது எஞ்சிப் பெருகுகின்றது.

ஏட்டுவமை இவ்விடத்தில் சற்றுப் பிசகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 501ஆம் இடத்து விகாரம் பிரித்தானியாவில் அறியப்பட்ட அல்பாவிலும், தென்னாபிரிக்காவின் பீற்றாவிலும், பிரேசிலின் காமாவிலும் தனித்தனியே தோன்றியது. ஒன்றையொன்று பார்த்து எழுதியதன்று. ஒரே வகை வரட்சி மூன்று மலைகளிலும் ஒரே இயல்புள்ள செடிகளை நிறுத்தியது போன்றது இது. ஆகையினால் ஒரு பிழையை மட்டும் கண்டு உறவு கூறுதல் ஆகாது. முழு ஏட்டையும் ஒப்புநோக்கல் வேண்டும்.

நம் நாட்டில் அவ்வாறு ஒப்புநோக்கியோர் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் நீலிகா மளவிகே, கலாநிதி சந்திம ஜீவந்தர ஆகியோரும் அவர்தம் குழுவினரும் ஆவர். 2020 ஒக்டோபரில் மினுவாங்கொடையில் வெளிப்பட்டுப் பரவிய தொற்றலை பி.1.411 என்னும் கிளையைச் சேர்ந்தது என்று அவர்கள் கண்டனர். 2021 சித்திரைப் புத்தாண்டுக்குப் பின் அல்பா அதனைத் தள்ளியது. ஜூனில் தெமட்டகொடையில் டெல்டா வெளிப்பட்டு, சில வாரங்களுள் அல்பாவைத் தள்ளியது. ஓகஸ்ட் 20 தொடக்கம் ஒக்டோபர் 1 வரை நாடு முடங்கிக் கிடந்தது. அந்த டெல்டாவும் இங்கு வந்த பின் சும்மா இருக்கவில்லை. ஏ.வை.28, ஏ.வை.104 என இலங்கையிற் பெருகிய உட்கிளைகளுக்குத் தனி இலக்கமே இட நேர்ந்தது.

இம்மரம் ஒன்றைக் காட்டும், ஒன்றைக் காட்டாது. எந்தக் கிளை எதிலிருந்து பிரிந்தது என்பதைக் காட்டும். எந்தப் பெண் பிள்ளை பஸ்ஸில் வந்து இறங்கினாள் என்று குற்றம் சாட்டுவதற்கு அதில் இடமில்லை. படியெடுக்கும் இடம் எங்கு நெருக்கமோ அங்கு பிழைக்கும் வாய்ப்பு மிகுதி என்பதே அதன் கணக்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஏழெட்டுப் பேர் படுக்கும் குடும்பத்தை நோக்கி, “நோயாளியைத் தனியறையில் வையுங்கள்” என்று அறிவுரை கூறினோம் அல்லவா? எந்தத் தனியறை? ஊரடங்கு நாளிலும் கொழுந்து பறித்து நிறுத்துக் கொடுத்தவர்கள் அவர்கள். வீட்டுப் பிரச்சினை சுகாதாரப் பிரச்சினையன்று என்று எண்ணுவோர், இந்த ஏட்டை ஒருமுறை படித்துப் பார்ப்பது நன்று.

டெல்டாவின் காலமும் முடிந்தது. 2021 நவம்பரில் தென்னாபிரிக்கா அறிவித்த ஒமிக்ரோன், முள்ளுப் புரதத்தில் மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட மாற்றங்களுடன் வந்தது. அது டெல்டாவின் பிள்ளையன்று. முன்னமே பிரிந்து கண்ணிற்படாது வளர்ந்த வேறொரு கிளை. உடலின் எதிர்ப்பு குன்றிய ஒரு நோயாளியிடம் நெடுநாள் தங்கியிருந்து இவ்வளவு மாற்றங்களையும் சேர்த்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. பின்னர் இரு கிளைகள் ஒருவர் உடலிற் கலந்து எக்ஸ்.பி.பி. உண்டாயிற்று, அதன் பின் ஜே.என்.1. 2023 மே மாதத்தில் உலக அவசரநிலை நீக்கப்பட்ட பின்பும், ஒமிக்ரோனின் வழிவந்தவையே உலகில் உலவின.

இவ்வளவையும் பாட்டிக்குச் சொன்னேன் என்று கருத வேண்டாம். அன்று பாதியேனும் நடந்திருக்கவில்லை. ஏட்டுக் கதையையும் தேயிலைக் கதையையும் பொறுமையாகக் கேட்டவர், இறுதியில், “அப்ப டெல்டாவும் இல்ல, எம் பேத்தியும் இல்ல” என்றார். “இல்லைப் பாட்டி” என்றேன்.

“அத பக்கத்துக் காம்பராவுல போய்ச் சொல்லு தம்பி” என்று எழுந்து, கூடையை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார்.