ஊக்க உரை போதும், உடன் வாருங்கள்



செங்கல் சூளைக்குப் போகவிருந்த இருளர் மாணவன் ஒருவனை எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் சந்தித்தேன். பத்தாம் வகுப்பு முடித்திருந்தான். ‘படிப்பில் நாட்டமில்லை’ என்றார்கள் பள்ளியில். உண்மையில் அவனிடம் இல்லாதது சாதிச் சான்றிதழ்.

பழங்குடியினருக்கு அதைத் தர வேண்டியவர் வருவாய்க் கோட்டாட்சியர். அந்த அலுவலகத்துக்கு அவன் அப்பா நான்கு முறை நடந்தார். நான்கு நாள் கூலி போனது. ஐந்தாம் முறை நானும் போனேன். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கேட்டேன், அவ்வளவுதான். அவரை நிற்கவைத்தே பேசியவர்கள் எனக்கு நாற்காலி போட்டார்கள். நானும் சேரிக்காரன்தான், அந்த நாற்காலி என் ஆங்கிலத்துக்குக் கிடைத்தது.

சான்றிதழ் வந்தது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவில் சேர்ந்தான். அடுத்து, சூளையில் வீட்டார் வாங்கிய முன்பணம் கழுத்தை நெரித்தது. கொத்தடிமைக் கடனைத் திருப்பிக் கேட்கவே முடியாது என்கிறது 1976ஆம் ஆண்டுச் சட்டம். அதை அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

வழிகாட்டுதல் என்று நான் சொல்வது இதைத்தான். ‘கனவு காணுங்கள்’ என்று மேடையில் பேசிவிட்டு வருவதை அல்ல. ஆளுக்கு ஒரு பிள்ளை, இரண்டு ஆண்டு கூடவே நில்லுங்கள். நாம் போகாமலே அந்த அப்பாவுக்கு நாற்காலி கிடைக்கும்வரை இந்த வேலை முடியாது.