"நர்ஸுக்குத்தானே படிக்கிறாள்?"

(நம் சங்கத்தின் குடும்ப தின விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"இன்றைய இளைஞர்களும் குடும்பப் பொறுப்பும்" என்பது பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். இளைஞர்களுக்கு உபதேசம் செய்ய எழுபதைத் தாண்டியவனைக் கூப்பிடுவது நம் வழக்கம். மன்னிக்க வேண்டும், இன்று நான் என் வயதுக்காரர்களுக்குத்தான் சொல்ல வந்திருக்கிறேன். அதுவும் உபதேசம் அல்ல. நான் செய்த ஒரு தவறு.

என் பெண் வயிற்றுப் பேத்தி வெளியூரில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. நர்ஸிங் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் இந்தப் படிப்புதான் வேண்டும் என்று அவளாகவே சொன்னாள். உறவினர்களில் பாதிப்பேர், "ஏன், மெடிக்கல் கிடைக்கலையா?" என்று கேட்டார்கள். மீதிப்பேர், "நம்மாத்துப் பெண் பெட்பான் எடுக்கறதா?" என்றார்கள். நான் பரந்த மனசுக்காரன் என்ற நினைப்பில், "அவள் இஷ்டம், படிக்கட்டும்" என்றேன். சொல்லிவிட்டு, என் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

அவள் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு பீமரத சாந்தி வைத்தார்கள். அமெரிக்காவிலிருந்து பிள்ளை வந்தான். பெங்களூரிலிருந்து தம்பி குடும்பம் வந்தது. எட்டு மணி நேர ரயில் தூரத்தில் இருந்த பேத்தி மட்டும் வரவில்லை. அறுவை சிகிச்சை வார்டில் பயிற்சி, அந்த வாரம்தான் செய்முறைத் தேர்வு, வர முடியாது தாத்தா என்று போனில் சொன்னாள். கோபத்தில் நான் சொன்னது இதுதான்: "டாக்டருக்குப் படிக்கிறவாளே லீவு போட்டுண்டு வரா. நீ நர்ஸுக்குத்தானே படிக்கறே?"

அந்தப் பக்கம் சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "சரி தாத்தா, நமஸ்காரம் பண்ணிக்கறேன்" என்று வைத்துவிட்டாள். அதன்பின் விசேஷ நாட்களில் போன் பண்ணுவாள். ஆனால் தன் படிப்பைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

சில மாதங்கள் கழித்து என் மனைவிக்குப் பித்தப்பைக் கல்லுக்காக ஆபரேஷன் நடந்தது. ஐந்து இரவுகள் நாக்பூரில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்குத் துணையாக உட்கார்ந்திருந்தேன். முதல் நாள் இரவு பத்து மணிக்கு ஒரு மாணவி வந்தாள். என் பேத்தி வயதுதான், மராட்டிப் பெண். நோயாளியின் பெயரைக் கேட்டாள். கையில் கட்டியிருந்த பட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது உண்டா என்று கேட்டாள். ஏற்கெனவே இருவரிடம் "இல்லை" என்று சொல்லியிருந்தேன். எனக்கு எரிச்சல் வந்தது. "எத்தனை தடவை கேட்பீர்கள்?" என்றேன். அவள் முகம் சுளிக்காமல், "இன்னும் ஒரே தடவை யோசித்துச் சொல்லுங்கள், ஆஜோபா" என்றாள். மராட்டியில் ஆஜோபா என்றால் தாத்தா. அப்போது அரைத் தூக்கத்தில் இருந்த என் மனைவி சொன்னாள்: "முன்னொரு தடவை சல்ஃபா மாத்திரை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடிச்சுப் போச்சே, மறந்துட்டேளா?"

சுத்தமாக மறந்துதான் போயிருந்தேன். அந்தப் பெண் அதைச் சிவப்பு மையில் எழுதி, பொறுப்பில் இருந்த சிஸ்டரிடம் உடனே போய்ச் சொன்னாள். அன்று அந்த மருந்தைக் கொடுக்க இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. கொடுக்காமலே போயிருக்கலாம். ஆனால் மூன்றாம் தடவையும் கேட்கப் பொறுமை இருந்தது அவளுக்குத்தான்.

நடு இரவில் அதே பெண் சொட்டு மருந்துக் குழாய்க்கு எதிரே கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். நானும் ஒரு பி.எஸ்ஸி., பௌதிகம். சும்மா இருக்க முடியாமல், என்ன கணக்கு என்று கேட்டேன். ஒரு லிட்டர் திரவம் எட்டு மணி நேரத்தில் ஏற வேண்டும். அந்தக் குழாயில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு. ஆக மொத்தம் 20,000 சொட்டு. எட்டு மணி நேரம் என்பது 480 நிமிஷம். வகுத்தால் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. மனக்கணக்காகவே சொன்னாள். வேகம் கூடினால் வயதானவர்களுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும், குறைந்தால் உடம்பு வறண்டுபோகும் என்றும் விளக்கினாள்.

நான் படித்த பி.எஸ்ஸி.யை நினைத்துக்கொண்டேன். லேபில் பிப்பெட் உடைந்தால் பிரேக்கேஜ் சார்ஜ் கட்டினால் போதும். விடை தப்பாக வந்தால் மறுபடி செய்யலாம். இவர்கள் பி.எஸ்ஸி.யில் அந்தச் சலுகை கிடையாது. பொட்டாசியம் குளோரைடு ஊசியை நீர்க்கச் செய்யாமல் நேரே ரத்தக் குழாயில் ஏற்றினால் இதயமே நின்றுவிடும். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் ஒவ்வொரு தடவையும் பார்த்தாக வேண்டும். இருபது வயதில் இந்தப் பாரம்!

"வீட்டில் யாரும் உன்னைத் தேடமாட்டார்களா?" என்று கேட்டேன். அன்று அவள் மாமா பெண்ணுக்குக் கல்யாணமாம். "போனை அணைத்து வைத்திருக்கிறேன் ஆஜோபா. எடுத்தால் எல்லோரும் 'நீ மட்டும்தான் வரவில்லை' என்பார்கள், எனக்கு அழுகை வந்துவிடும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் வீட்டில் நான் பார்த்திராத ஒரு தாத்தாவும், "நர்ஸுக்குத்தானே?" என்று கேட்டிருப்பார் அல்லவா?

மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் பேத்திக்குப் போன் போட்டேன். தூக்கக் கலக்கத்தில் எடுத்தாள். அந்த வாரம் அவளுக்கு இரவு எட்டு முதல் காலை எட்டு வரை டியூட்டியாம். படுத்துக் கால்மணிதான் ஆகியிருந்தது. மன்னிப்புக் கேட்கப் போனவன், அதிலும் ஒரு தவறு செய்தேன்! ஆனாலும் கேட்டேன். அவள் சொன்ன பதிலை நான் மறக்கமாட்டேன். "நீங்க கோச்சுண்டது பரவாயில்லை தாத்தா. வர மனசில்லாமதான் வரலைன்னு நினைச்சுண்டேளே, அதான் தாங்கலை."

பிறகு அவளுடைய அட்டவணையை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். முப்பத்தேழு வருஷம் மத்திய அரசில் ஃபைல் பார்த்த பழக்கம், விதிமுறைகளையும் தேடிப் படித்தேன். இந்தப் படிப்பை வரையறுத்தது, 1947ஆம் வருஷச் சட்டப்படி அமைந்த இந்திய நர்ஸிங் கவுன்சில். 2021இல் வந்த புதிய பாடத்திட்டப்படி நான்கு வருஷம், எட்டு செமஸ்டர். வாரத்துக்கு 40 மணி நேரம். பரீட்சை எழுத 80 சதவீத வருகை வேண்டும். முக்கியமானது இதுதான்: பட்டம் வாங்குவதற்குள் ஒவ்வொரு பிரிவிலும் செய்முறைப் பயிற்சியில் 100 சதவீத வருகை இருந்தாக வேண்டும். கல்யாணத்துக்கு இரண்டு நாள் போனால் அந்த மணிக்கணக்கைப் பின்னால் ஆஸ்பத்திரியில் நின்று ஈடுகட்ட வேண்டும். கடைசி செமஸ்டர் முழுவதும் இன்டர்ன்ஷிப். 22 வாரம், வாரத்துக்கு 48 மணி நேரம். இதற்கு நடுவில் உடற்கூறு, நுண்ணுயிரியல், மருந்தியல் எல்லாம் படித்து எழுதவும் வேண்டும்.

விதி கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நண்பனின் நோட்டை வாங்கிப் படித்துப் பாடத்தை ஈடுகட்டலாம். மூச்சுத் திணறும் நோயாளியை எப்படி நிமிர்த்தி உட்காரவைப்பது என்பதை நோட்டில் படித்து அறிய முடியாது. பக்கத்தில் நின்றால்தான் வரும்.

நம் வீடுகளில் ஜே.இ.இ.க்குப் படிக்கும் பையன் இருந்தால் என்ன செய்கிறோம்? டி.வி. கிடையாது. விருந்தாளி வரக்கூடாது. பாட்டி ஸ்லோகத்தைக்கூட மெதுவாகச் சொல்லவேண்டும். "பாவம், படிக்கிறான்" என்று ஊரே ஒத்துழைக்கிறது. நர்ஸிங் படிக்கும் பெண் சீமந்தத்துக்கு வராவிட்டால், "ரொம்பத்தான் பண்ணிக்கறா" என்கிறோம். இரண்டு படிப்பிலும் உழைப்பு உண்டு. நம் மனசில் உள்ள மதிப்புதான் வேறு. அந்த "தானே"யில் இருப்பது அதுதான்.

2020 மார்ச் 22ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு நாம் எல்லோரும் பால்கனியில் நின்று தட்டு தட்டினோம், மணி அடித்தோம். டாக்டர்களுக்கும் நர்ஸுகளுக்கும் நன்றி என்றோம். நானும் எவர்சில்வர் தட்டும் கரண்டியுமாக நின்றேன். அதே கையால் போனை எடுத்துத்தான் பேத்தியிடம் அப்படிப் பேசினேன். ஊரார் பெண் நர்ஸாக இருந்தால் தெய்வம், நம் வீட்டுப் பெண் படித்தால் "தானே"!

இது தாத்தா பாட்டிகளோடு நிற்பதில்லை. அவளோடு பள்ளியில் படித்த சிநேகிதிகள் இன்ஜினியரிங் கல்லூரிகளில் இருக்கிறார்கள். சினிமாவுக்கும் சுற்றுலாவுக்கும் கூப்பிட்டார்கள். மூன்று தடவை வரமுடியாது என்று சொன்னாள். நான்காம் தடவை கூப்பிடவில்லை. இங்கே இருக்கும் பெண் குழந்தைகளுக்கு ஒரு வேண்டுகோள். அப்படி ஒரு சிநேகிதி இருந்தால், வரமாட்டாள் என்று தெரிந்தாலும் கூப்பிடுங்கள்.

பெரியவர்களுக்குச் சில வார்த்தைகள். இரவு டியூட்டி முடிந்து பகலில் தூங்கும் பெண்ணைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். விசேஷத்துக்கு நாள் குறிக்குமுன் அவளை ஒரு வார்த்தை கேளுங்கள். அடுத்தது, சொந்தக்காரர்கள் எல்லோரும் அவளுக்குப் போன் போட்டு, "சுகர் இருநூறு இருக்கே, எந்த மாத்திரையைக் கூட்டலாம்?" என்று கேட்காதீர்கள். அவள் மாணவி. சொன்னாலும் தப்பு, சொல்லாவிட்டாலும் கர்வி என்ற பெயர்.

கடைசியாக ஒன்று. போன தீபாவளிக்கு வந்தபோது பேத்தி சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் கவனித்துவந்த நோயாளி ஒருவர் முதல் நாள் காலமாகிவிட்டார் என்று மட்டும் சொன்னாள். அவர் யார், என்ன வியாதி என்பதை வெளியில் சொல்ல அவர்களுக்கு அனுமதி இல்லை. நான் துருவிக் கேட்கப் போனேன். என் மனைவி கண்ணைக் காட்டி என்னை நிறுத்தினாள். ஒன்றும் கேட்காமல் மோர் சாதம் பிசைந்து கையில் உருட்டிப் போட்டாள். குழந்தை அழுதுகொண்டே சாப்பிட்டாள். நான் படித்த விதிமுறை எதிலும் இல்லாத வைத்தியம் அது.

வரும் மாதம் என் பேரனுக்கு உபநயனம். சாஸ்திரிகள் வந்தபோது பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் பேத்தியின் டியூட்டி அட்டவணையையும் வைத்தேன். அவர் சிரித்துவிட்டு, "இப்படி ஒரு கிரஹத்தை நான் பார்த்ததில்லையே" என்றார். முதலில் பார்த்த முகூர்த்தத்தை விட்டு, பதினோரு நாள் தள்ளி இன்னொன்று குறித்துக் கொடுத்தார். பிக்ஷை முடிந்த கையோடு அவள் சாயங்கால ரயிலைப் பிடிக்க வேண்டும், மறுநாள் காலை டியூட்டி. ஸ்டேஷனுக்கு நானே கொண்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.