சொரசொரப்பை அளக்கிறோம், எதைக் கொண்டு?
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம்ம செஞ்சி ராஜகிரிப் பாறை மேல ஒரு கால்பந்தை உருட்டுங்க. சின்னப் பிளவு எதிலும் அது இறங்காது. அதே இடத்தில் கோலிக்குண்டை உருட்டினால் உள்ளே விழும். பாறை ஒன்றுதான், பந்துக்கு அது வழவழப்பு, கோலிக்கு மேடுபள்ளம். சொரசொரப்பை அளப்பதில் உள்ள சிக்கலும் இதுதான்.

லேத்தில் கடைந்த பரப்பை ஸ்டைலஸ் என்னும் வைர முனையால் வருடி அளக்கிறோம். முனையின் ஆரம் பொதுவாக 2 அல்லது 5 மைக்ரான். முனை நுழையாத பள்ளம் கணக்கில் வராது. பரப்பு இருப்பதைவிட வழவழப்பாகத் தெரியும். இந்த ஆரம் அளவை எப்படி மாற்றுகிறது என்று ஆராய்ந்து, 1970-இலேயே 'வேர்' என்னும் பன்னாட்டு ஆய்விதழில் எழுதியவர் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. ராதாகிருஷ்ணன்.

சாதாரணக் கடைசலில் இந்த வித்தியாசத்தைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளலாம். வைர டூலால் அலுமினியத்தைக் கண்ணாடி போலக் கடையும் அதிதுல்லிய வேலையில் கதையே வேற. சுற்றுக்கு 5 மைக்ரான் ஃபீட், டூல் முனை ஆரம் 1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஃபீடின் வர்க்கத்தை ஆரத்தின் 8 மடங்கால் வகுத்தால், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள உயரம் சுமார் 3 நானோமீட்டர். இது காகிதக் கணக்கு. ஸ்பிண்டில் அதிர்வு, அறை வெப்பம், உலோகத்தின் மணிகள் எல்லாம் சேர்ந்து அதைக் கூட்டிவிடும்.

இங்கே ஸ்டைலஸை வைத்தால் மென்மையான உலோகத்தில் கீறல் விழக்கூடும். அளக்கப் போய்ப் பொருளையே கெடுத்த கதை! அதனால் தொடாமல் ஒளியால் அளக்கும் இன்டர்ஃபெரோமீட்டர் வந்தது. உயரத்தை நானோமீட்டருக்கும் குறைவாகப் பார்க்கும் அதுவே, சுமார் அரை மைக்ரானைவிட நெருங்கிய கோடுகளைப் பிரித்தறியாது. அணுவிசை நுண்ணோக்கி அவற்றையும் காணும். ஆனால் ஒரு தடவையில் அது பார்க்கும் இடம் பெரும்பாலும் 100 மைக்ரான் சதுரத்துக்குள்தான்.

இதனால் என்ன நஷ்டம்? செய்து கொடுத்தவர் 4 நானோமீட்டர் என்பார். வாங்கியவர் 9 என்பார். ரெண்டு பேரும் பொய் சொல்லலை, கருவிதான் வேறு. ஆனால் ஜாப் திரும்பி வந்தால் அடிபடுவது சின்னப் பட்டறைக்காரர்.

ஆகவே தம்பிகளே, தங்கைகளே, ரிப்போர்ட்டில் வெறும் எண்ணை மட்டும் எழுதாதீங்க. எந்தக் கருவி, முனை ஆரம் எவ்வளவு, கட்-ஆஃப் நீளம் எவ்வளவு, எந்தத் திசையில் அளந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்க. ஆர்டர் எடுக்கும்போதே இதைப் பேசி முடிச்சிடுங்க. அளவு எவ்வளவு என்று சொல்பவர், அளவுகோல் எது என்றும் சொல்ல வேண்டும்.