நெளிவும் அசைவும்



'அண்டுலேட்' என்னும் ஆங்கில வினை, அலையைக் குறிக்கும் 'உண்டா' என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. வெள்ளம் சூழ்ந்து மூழ்கடிப்பதைக் குறிக்கும் 'இனண்டேட்' அதன் உடன்பிறப்பு. அகராதியில் 'அலைபோல் அசைதல்' என்ற பொருளே முதலில் கிடைக்கும். தமிழிலோ பொருளுக்கேற்ப வினை மாறும்: பாம்பு நெளியும்; நெற்பயிர் காற்றில் அலைபாயும்; கொடி அசைந்தாடும். விலைவாசி ஏறி இறங்குவதற்கு இச்சொல் பொருந்தாது. அதற்கு ஆங்கிலத்தில் 'ஃபிளக்சுவேட்' உண்டு.

அசையாத பொருளுக்கும் 'அண்டுலேட்' உரியது என்பதை விருத்தாசலத்தில்தான் உணர்ந்தேன். தட்டின் விளிம்பைப் பற்றிய ஆங்கிலத் தொடர் ஒன்றை மொழிபெயர்க்கத் தந்திருந்தேன். ஒரு மாணவன், 'விளிம்பு நெளிந்திருக்கிறது' என்று எழுதினான். நானோ 'அசைகிறது' எனத் திருத்தி, மதிப்பெண்ணையும் குறைத்தேன். வைத்த தட்டு எங்ஙனம் அசையும் என்று எனக்கு அன்று தோன்றவில்லை!

சில நாட்களுக்குப் பின் பீங்கான் சூளை ஒன்றைக் காணச் சென்றேன். சூட்டில் விளிம்பு கோணிய தட்டொன்றைத் தொழிலாளி ஒருவர் ஒதுக்கி வைத்தார். "நெளிஞ்சு போச்சுங்க ஐயா" என்றார். மேடும் பள்ளமுமான நிலத்தை ஆங்கிலப் புவியியல் நூல்கள் 'அண்டுலேட்டிங்' என்பதும் அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது. நிலமும் அசைவதில்லையே! மறுநாள் அம்மாணவனின் விடைத்தாளைக் கேட்டு வாங்கி, என் சிவப்பு மைத் திருத்தத்தை அடித்தேன்.